அடுப்படியில் ஒளிந்திருந்த வருஷங்கள்

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ்ஸில் யாராவது எழுந்து குரல் கொடுத்தால்தான் அங்கே நிற்கும். வேறு யாராவது இறங்குகிற நாளில் எனக்குக் கவலை இல்லை. யாரும் இறங்காத நாளில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஜன்னலில் எங்கள் ஊர் கடந்து போகும். சேரன்மகாதேவியில் எல்லாரோடும் இறங்கி, வந்த வழியே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வருவேன். "ஏட்டி, ஏன் இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்பாள். பஸ் லேட் என்பேன். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும், அப்புறம் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த பிறகு ஆறு வருஷமும் இப்படியே போனது.

பத்தமடை தாண்டியதுமே எனக்குள் ஒத்திகை தொடங்கிவிடும். "அண்ணாச்சி, ஸ்டாப் இருக்கு, நிப்பாட்டுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மனசுக்குள் முப்பது தடவை சொல்லிப் பார்ப்பேன். நெஞ்சு அடிக்கும் சத்தம் காதில் கேட்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குரல் கீச்சென்று வந்துவிட்டால்? கண்டக்டர் காதில் விழாமல் இன்னொரு தடவை கத்த வேண்டியதாகிவிட்டால்? பஸ்ஸே திரும்பிப் பார்க்குமே. இந்த யோசனையிலேயே ஊர் தாண்டிவிடும். தாண்டியதும் உடம்பெல்லாம் லேசாகி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளானது.

வீட்டில் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. "பிள்ளை இருக்க இடம் தெரியாது" என்று ஆச்சி பெருமையாகச் சொல்வாள். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, எங்கே போனாலும் நான் நேராக அடுப்படிக்குப் போய்விடுவேன். தேங்காய் துருவுவேன், பாத்திரம் கழுவுவேன், அப்பளம் பொரிப்பேன். அங்கே இருந்தால் முன்கூடத்தில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச வேண்டாம், நாலு பேர் பார்க்க இலையில் கை வைக்க வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு கடைசிப் பந்தியில், மூலை இலையில் உட்கார்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொறுப்பான பிள்ளையா!" என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நம் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் ஒடுங்க வைக்கும் இந்தச் சமூகப் பதற்ற நோய் வந்தால் அதற்கு அடக்கம் என்று நல்ல பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆண் பிள்ளைக்கு வந்தால் அது விளங்காத பையன் என்று ஆகிவிடுகிறது. விசேஷ வீட்டுக்குப் போகும் முன் கொஞ்சம் குடித்துவிட்டால் பயம் தெரியவில்லை என்று ஆரம்பித்து, அதிலேயே மாட்டிக்கொள்கிற ஆண்கள் நிறைய என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

2019இல் என் கல்லூரிச் சிநேகிதியின் அப்பா இறந்துபோனார். வீரவநல்லூர். தகவல் வந்ததும் ஆபீஸில் சொல்லிவிட்டு, ஜங்ஷனில் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளிடம் போக வேண்டும் என்று மனசு துடித்தது நிஜம். தெருமுனையில் திரும்பினால் பந்தல். வெளியே நாற்காலிகளில் ஆண்கள். உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழும் சத்தம். நான் வாசலில் கால் வைத்ததும் அத்தனை முகமும் யார் வருகிறாள் என்று நிமிரும். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். எனக்கு அழுகை வராவிட்டால்? என்ன சொல்லித் தேற்ற? கால் நின்றுவிட்டது. மூடிக் கிடந்த ஒரு கடைத் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் மாலை. அதைச் சுற்றியிருந்த வாழை இலை வெயிலில் சுருண்டது. கடைசியில் மாலையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்த வழியே பஸ் ஏறிவிட்டேன்.

நல்லது கெட்டதில் நல்லதுக்குப் போகாவிட்டால் எங்கள் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள். துட்டி வீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். அவள் அதற்கப்புறம் போன் செய்யவில்லை. என்னாலும் முடியவில்லை.

இதைக் கண்டுபிடித்தது என் மைனிதான். அண்ணனைக் கட்டி வந்தவள், என் வயதுதான். ஒருநாள் ஸ்கூட்டரில் வந்தவள், நான் சேரன்மகாதேவியிலிருந்து நடந்து வருவதைப் பார்த்து நிறுத்தினாள். "நம்ம ஸ்டாப்ல இறங்காம ஏன் திரும்பி நடந்து வாரே?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. ரோட்டோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இதுக்குப் போயா" என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கூச்சத்துக்காக யாரும் தினமும் இவ்வளவு தூரம் நடக்க மாட்டாங்க. டாக்டர்ட்ட போவோம், நான் கூட வாரேன்" என்றாள்.

அம்மாவுக்கு மனசில்லை. "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க" என்றாள். அதற்கு முன்பே அவள் எனக்கு மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தாள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்த வழியில் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

2021இல் பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தோம். ரொம்ப நேரம் கேள்வி கேட்டார். எத்தனை வருஷமாக இருக்கிறது, எதற்கெல்லாம் போகாமல் இருந்தீர்கள், இதனால் எதை இழந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சத்துக்கும் நோய்க்கும் நடுவே அவர் போட்ட கோடு இதுதான்: கூச்சப்படுகிறவர் புது இடத்தில் கொஞ்ச நேரம் தயங்கி, அப்புறம் கலந்துவிடுவார். பிறர் தன்னை எடை போடுவார்கள், அவமானமாகிவிடும் என்ற பயம் மாதக்கணக்கில், ஆறு மாதத்துக்கு மேலும் விடாமல் தொடர்ந்து, படிப்பையும் வேலையையும் உறவையும் தின்ன ஆரம்பித்தால் அது சமூகப் பதற்ற நோய். சோஷியல் ஆங்சைட்டி என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றதே 1980இல்தான். பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், பதின்ம வயதில் தொடங்கும் என்றார். எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எழுந்து நின்று செய்யுள் வாசித்தபோது குரல் உடைந்து வகுப்பே சிரித்தது. அது மட்டுமே காரணம் இல்லை, பிறவிச் சுபாவம், வளர்ந்த விதம், பட்ட அனுபவம் எல்லாம் சேர்ந்துதான் வரும் என்றார் டாக்டர். யார் மேலும் பழி போட வேண்டாம் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். வாரம் ஒரு தடவை, பதினாறு வாரம். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பிடித்துச் சரிசெய்யும் முறை, சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கவுன்சிலிங் என்றால் மேடம் புத்தி சொல்வார், நான் தலையாட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் புத்தியே சொல்லவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டார். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் விளக்கியது அது. நாலு பேர் நடுவே போனதும் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. முகம் சிவக்கிறதா, கை நடுங்குகிறதா என்று நம்மை நாமே பார்க்க ஆரம்பிக்கிறோம். உள்ளே எப்படி இருக்கிறதோ வெளியிலும் அப்படியே தெரிகிறது என்று நம்பிவிடுகிறோம். அதை மறைக்கச் சில வேலைகள் செய்கிறோம். ஒன்றும் ஆகாமல் தப்பித்ததும், அந்த வேலைகளால்தான் தப்பித்தோம் என்று மூளை பதிந்துகொள்கிறது. பஸ்ஸில் ஊர் தாண்டியதும் எனக்கு வந்ததே அந்த நிம்மதி, அது மூளைக்குக் கொடுக்கிற கூலி என்றார். கூலி கிடைக்கக் கிடைக்க அது அதே வேலையைத்தானே செய்யும்?

அந்த மறைக்கிற வேலைகளை நோட்டில் எழுதி வரச் சொன்னார். டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது. வியர்வை தெரியாத நிறத்தில் மட்டும் சுடிதார் எடுப்பது. பேசும் முன் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது. சும்மா போனைப் பார்ப்பது. கவுண்டரில் கையெழுத்துப் போட வேண்டியதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போவது. விசேஷ வீட்டில் அடுப்படி. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. பத்தொன்பதில் நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம் அவர் செய்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பழக்கமில்லாத ஒரு பயிற்சி மாணவியை அறைக்குள் அழைத்து, அவளோடு ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார். முதல் தடவை என் வேலைகள் அத்தனையும் செய்துகொண்டே பேச வேண்டும். இரண்டாவது தடவை ஒன்றையும் செய்யாமல், என் முகத்தை மறந்துவிட்டு, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் கேட்டுப் பேச வேண்டும். இரண்டையும் போனில் படம் பிடித்தார். பார்க்கும் முன் என்ன தெரியும் என்று எழுதச் சொன்னார். முகம் குங்குமமாய்ச் சிவந்திருக்கும், உதடு கோணும், கை வெளிப்படையாக நடுங்கும் என்று எழுதினேன். "இப்ப இதை வேற யாரோ ஒரு பொண்ணுன்னு நினைச்சுப் பாருங்க" என்று படத்தை ஓடவிட்டார். முகம் சிவக்கவில்லை. கண்ணாடி வளையல் போட்ட வலது கை மடியில் சும்மா கிடந்தது. நடுக்கம் இருந்தது, உற்றுப் பார்த்தால் சுண்டுவிரல் நுனியில். ஆனால் முதல் படத்தில் வேறொன்று தெரிந்தது. எதிரே இருந்த பெண் தன் ஊரைப் பற்றி ஆசையாகப் பேசுகிறாள். நான் அடுத்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு தரையைப் பார்க்கிறேன். அவள் சிரிக்கும்போது என் முகத்தில் ஒன்றுமே இல்லை. பார்த்தால் பயந்த பெண்ணாகவே தெரியவில்லை, மண்டைக்கனம் பிடித்தவளாகத் தெரிந்தாள். இரண்டாவது படத்தில் அதே நான், இரண்டு இடத்தில் வார்த்தை தடுமாறினேன், ஒரு தடவை சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் போல இருந்தாள் அவள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வீரவநல்லூர்க்காரியைத்தான் நினைத்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த ஒவ்வொன்றும் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

நாம் நினைக்கிற அளவுக்கு யாரும் நம்மைக் கவனிப்பதில்லை என்பதற்கு மேடம் ஒரு சோதனையைச் சொன்னார். 2000ஆம் ஆண்டு வெளியானது, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் மற்றவர்களும் செய்தது. ஒரு பாடகர் படம் போட்ட, போட்டுக்கொள்ள வெட்கப்படும்படியான டீ-சர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழ பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப்பேர்தான். நானும் ஒருநாள் துப்பட்டாவை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். மதியம் வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு அக்கா, "திருப்பிப் போட்டிருக்கே பாரு" என்றார். மாற்றிப் போட்டேன். அவர் குழம்பு ஊற்றிக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஏணி. பயப்படுகிற விஷயங்களுக்கு பூஜ்யத்திலிருந்து 100 வரை மார்க் போட்டு, குறைந்ததிலிருந்து ஏற வேண்டும். தெரியாதவரிடம் மணி கேட்பது 25. டீக்கடையில் நின்று ஒரு கையால் கிளாஸைப் பிடித்துக் குடிப்பது 45. பஸ்ஸை நிறுத்தச் சொல்வது 70. துட்டி வீடு 100. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று நோட்டில் ஒரு பக்கம், முடிந்ததும் "என்ன நடந்தது" என்று எதிர்ப்பக்கம். பயம் இல்லாமல் போவது இலக்கு இல்லை என்று மேடம் திரும்பத் திரும்பச் சொல்வார். பயத்தோடு போய், நம் பழைய வேலைகளைச் செய்யாமல் அங்கேயே நிற்க வேண்டும். நினைத்தது நடக்கவில்லை என்று மூளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பயத்தை அடக்கப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், ஆனால் அது இருந்தால்தான் பேச முடியும் என்று ஆகிவிட்டால் இருபதாவது வேலையாகிவிடும் என்று அதையும் நிறுத்தச் சொன்னார்.

எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் நாலு துணி எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்காமல் வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். கடைக்காரர், "வாங்கப் போறீங்களா, இல்ல பொழுதுபோகலையா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். நிஜமாகவே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் இத்தனை வருஷம் பயந்தது அப்படியே நடந்தது. மூன்று நாள் ஆபீஸ் போகவில்லை. இனி வர மாட்டேன் என்று சொல்லத்தான் மேடத்திடம் போனேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "அவர் திட்டினார். சரி. அதுக்கு அடுத்த பத்து நிமிஷத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். யோசித்தேன். வெளியே வந்தேன், வாகையடி முக்குப் பக்கம் ஒரு கடையில் சர்பத் குடித்தேன், பஸ் ஏறினேன். ஒருவர் கோபப்பட்டால் அதற்கப்புறமும் வாழ்க்கை இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் நிஜமாகத் தெரிந்தது. சுமுகமாக முடிந்த பத்து நாளைவிட அந்த ஒருநாள் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அதனால் சிகிச்சையில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒரு தடவை மோசமாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரம் கட்டாயம் போங்கள்.

ராத்திரி படுத்ததும் அன்றைக்குப் பேசியதை அசைபோடும் பழக்கம்தான் விடக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கி, நடந்ததை மட்டும் எழுதி நோட்டை மூடிவிட வேண்டும். 'அவர் என்னைப் பற்றி இப்படி நினைத்திருப்பார்' என்பது நடந்தது இல்லை, அதை எழுதக் கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது. கேஸ் புக் பண்ணுவதிலிருந்து டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை எனக்கு வேண்டிய போன் எல்லாம் அம்மாதான் பேசுவாள். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வாள். பாசத்தில் செய்ததுதான். அது என் ஏணியின் படியை எடுத்துவிடுகிறது என்று மேடம் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். அடுத்த தடவை ஒரு அத்தை என்னிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது, அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தாள். நான் பதில் சொல்ல அரை நிமிஷமானது. அந்த அரை நிமிஷம் என்னைவிட அவளுக்குத்தான் பெரிசாக இருந்திருக்கும்.

மாத்திரையும் எடுத்தேன், எஸ்சிடலோபிராம். தூக்க மாத்திரை, விட முடியாமல் போகும் என்று ஊரில் சொல்வார்கள். இது தூக்க மாத்திரை இல்லை, போதைக்கு அடிமையாவது போல இதற்கு ஆவதில்லை. முதல் வாரம் குமட்டியது. பலன் தெரிய ஒரு மாதம் ஆனது. ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்து, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, தலைசுற்றலும் எரிச்சலும் வரும். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, சி.பி.டி. மட்டுமே போதும் என்பவர்களும் உண்டு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பணம் ஒரு கவலை என்று தெரியும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே வைத்தியத்துக்குப் பணம் கேட்பதில்லை. நேரில் போகவே பயமாக இருந்தால், அதுதானே இந்த நோயே, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாலும் போதும்.

பஸ்ஸை நிறுத்திய நாளைச் சொல்லவில்லையே. பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒத்திகை பார்க்காமல் இருப்பதற்காக முன் சீட்டுப் பாட்டியின் கூடையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். முருங்கைக்காய், ஒரு சீப்பு நாட்டுப்பழம், மருந்துச் சீட்டு. ஆலமரம் தெரிந்ததும் எழுந்து, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க" என்றேன். குரல் நான் பயந்தபடியே கீச்சென்றுதான் வந்தது. கண்டக்டர் விசிலடித்தார். பாட்டி கூடையை நகர்த்தி வழி விட்டாள். இறங்கி நின்றேன். கால் வெலவெலத்தது. பஸ் போய்விட்டது.

சிநேகிதியைப் பார்க்கப் போனது 2022 கடைசியில். கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். என்ன பேசுவது என்று தயார் செய்யாமல் போனேன். காப்பி கொடுத்தாள், ஒரு கையால் வாங்கினேன், கொஞ்சம் சிந்தியது. கடைத் திண்ணையையும் மாலையையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "உனக்கு மண்டைக்கனம்னுதான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம், "இருந்தாலும் அன்னைக்கு நீ வந்திருக்கணும்" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம், முன்னைப் போல இல்லை.

போனில் புது ஆளிடம் பேசுவது எனக்கு இன்னும் 40 மார்க்கில்தான் நிற்கிறது. அடுத்த வாரம் சித்தப்பா மகளுக்கு மறுவீட்டுச் சொதி விருந்து. அடுப்படியில் தேங்காய்ப்பால் பிழிய என்னைக் கூப்பிட்டார்கள். பந்தியில் பரிமாறுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இஞ்சிப் பச்சடி கேட்டேன். மைனி எனக்குச் சொதி வாளியைக் கொடுத்திருக்கிறாள்.